கால் பொய், சூடு மெய்!

கத்தரி வெயில் காலம். நண்பகல் நேரம். மனிதர்கள் என்ன செய்கிறார்கள்?

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறார்கள். செருப்பை உதறிவிட்டு, தண்ணீர் தெளித்த திண்ணையில் காலை நீட்டுகிறார்கள். மின்விசிறி இருந்தால் அதன் அடியில் உட்காருகிறார்கள். இல்லாவிட்டால் மேல்துண்டைச் சுழற்றியாவது காற்று வாங்குகிறார்கள்.

இவ்வளவும் செய்தாலும் உடம்பில் ஓர் இடத்துக்கு மட்டும் காற்றே போகாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பொய்க்கால் அணிந்தவர்கள்.

பஸ் நிலையத்துக்கு வெளியே வெள்ளரிப்பிஞ்சு விற்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். விபத்தில் முழங்காலுக்குக் கீழே இடது கால் போய்விட்டது. அதற்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் கால். பஸ் வந்ததும் கூடையோடு ஓடுகிறார். ஜன்னல் ஜன்னலாக நீட்டுகிறார். அடுத்த பஸ்ஸுக்கு மறுபடியும் ஓட்டம். அவர் வேட்டியைச் சற்று ஒதுக்கிப் பொய்க்காலைக் கழற்றினால், உள்ளேயிருந்து வியர்வை தண்ணீராகக் கொட்டும்!

பொய்க்கால் குதிரை ஆட்டம் பார்த்திருப்பீர்கள். ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர் கட்டையை அவிழ்த்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து போவார். இவரால் அது முடியுமா? கட்டையை அவிழ்த்தால் நடையே இல்லை. நடை இல்லையென்றால் வியாபாரம் இல்லை. அன்றையச் சோறும் இல்லை.

கால் இழந்தவருக்குக் கால் கொடுப்பது பெரிய புண்ணியம். அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் அந்தக் காலை அவர் வெயில் காலத்தில் அணிய முடிகிறதா என்று கேட்பவர்கள் எத்தனை பேர்? கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்!

கூடு ஏன் இறுக்கம்?

பொய்க்காலில் ஜனங்கள் பார்ப்பது பாதத்தை. அணிகிறவர் உணர்வதோ கூட்டை. எஞ்சிய கால் போய் உட்காருகிற கிண்ணம் போன்ற அந்தக் கூட்டைத் தொழில் தெரிந்தவர்கள் 'சாக்கெட்' என்பார்கள். உடம்பின் பாரம் முழுவதையும் தாங்குவது அதுதான்.

"காற்றுப் போகும்படி கொஞ்சம் தளர்வாகச் செய்தால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். செய்ய முடியாது. தளர்ந்த கூட்டில் ஒவ்வோர் அடிக்கும் கால் மேலும் கீழும் உரசும். தோல் வழண்டுவிடும். கூடு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறதோ, அவ்வளவு நன்றாக நடக்கலாம். எவ்வளவு பொருத்தமோ, அவ்வளவு புழுக்கம்! பொய்க்கால் செய்கிறவர்களின் தீராத தலைவலி இதுதான்.

நான்கு வழியும் அடைபட்ட வீடு

நம் உடம்பு சும்மா இருந்தாலும் உஷ்ணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த உஷ்ணம் வெளியேற நான்கு வழிகள் உண்டு. தோலிலிருந்து கதிராக வீசிப் போவது ஒன்று. தொட்ட பொருளுக்குள் இறங்குவது ஒன்று. வீசும் காற்று வாரிக்கொண்டு போவது ஒன்று. வியர்வை ஆவியாகும்போது எடுத்துக்கொண்டு போவது ஒன்று.

இவற்றில் கடைசி வழிதான் வெப்ப நாட்டுக்காரனைக் காப்பாற்றுவது. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு வெப்பம் தேவையோ, அதைப்போல் ஏறத்தாழ 580 மடங்கு வெப்பத்தை ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது எடுத்துக்கொண்டு போய்விடும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வித்தையால்தான்.

பிளாஸ்டிக் கூட்டுக்குள் வியர்வை சுரக்கிறது. ஆனால் ஆவியாவதற்கு இடமில்லை. பானைக்கு வெளியே எண்ணெய் பூசிவிட்டால் தண்ணீர் குளிருமா? அந்தக் கதைதான்.

மற்ற மூன்று வழிகள் உதவுமா? குளிர் நாட்டில் கொஞ்சம் உதவும். தோலின் மேற்பரப்புச் சூடு சாதாரணமாக 32, 33 டிகிரி செல்சியஸ் இருக்கும். வெளியே 15 டிகிரி என்றால் உள்ளே இருக்கும் சூடு கூட்டின் சுவர் வழியே மெல்ல வெளியேறும். மே மாதத்தில் ஜெய்ப்பூரிலும் நம் வேலூரிலும் வெளிக்காற்றே 40 டிகிரியைத் தொடுகிறது. அப்போது சூடு எந்தப் பக்கம் போகும்? வெளியிலிருந்து உள்ளே வரும்!

இன்னொரு கஷ்டமும் உண்டு. காலில் ஒரு பகுதி போனால், வியர்த்துக் குளிரக்கூடிய தோலும் அந்த அளவுக்குப் போகிறது. உடம்பின் மேற்பரப்பை 100 பங்காக வைத்தால் ஒரு முழுக் காலுக்கு 18 பங்கு என்று தீக்காயத்துக்கு வைத்தியம் செய்யும் டாக்டர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். உழைப்போ கூடுகிறது. முழங்காலுக்குக் கீழே இழந்தவருக்கு, அதே தூரம் நடக்க மற்றவரைவிட நூற்றுக்கு 25 பங்கு அளவு அதிகச் சக்தி செலவாகும். முழங்காலுக்கு மேலே இழந்தவருக்கு அது பாதிக்கும் மேலே போகும். அடுப்பு பெரிதாகிறது, புகைபோக்கி சிறிதாகிறது.

குளிர் நாட்டிலேயே இந்தப் பாடு!

இது வெறும் கற்பனைக் கணக்கு என்று எண்ண வேண்டாம். ஸ்வீடன் தேசத்தில், முழங்காலுக்கு மேலே கால் இழந்தவர்கள் 97 பேரைக் கேட்டு, அவர்களுடைய கஷ்டங்களை 2001-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். வாழ்க்கைச் சுகத்தைக் கெடுப்பது எது என்று கேட்டபோது, கூட்டுக்குள் ஏற்படும் சூடும் வியர்வையும் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 72 பேர். தோல் புண்ணும் எரிச்சலும் என்றவர்கள் நூற்றுக்கு 62 பேர். காட்டிலும் வயலிலும் நடக்க முடியவில்லை என்ற குறைகூட அதற்குப் பிறகுதான் வந்தது.

ஸ்வீடன் எப்படிப்பட்ட நாடு? வருஷத்தில் பல மாதங்கள் பனி மூடிக் கிடக்கும் நாடு. அங்கேயே இப்படி என்றால், ராஜஸ்தான் மணலிலும் ராமநாதபுரம் பொட்டலிலும் நடப்பவன் கதி என்ன? சற்று யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் சியாட்டில் நகர ஆராய்ச்சியாளர்கள், முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர்களின் கூட்டுக்குள் சிறிய வெப்பமானிகளைப் பொருத்திப் பார்த்தார்கள். ஓடும் பட்டைமேல் அரை மணி நேரம் நடந்ததும் தோலின் சூடு மூன்று டிகிரி அளவு ஏறிவிட்டது. பிறகு காலைக் கழற்றாமலே ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அப்போதும் சூடு பழைய நிலைக்கு இறங்கவில்லை! இந்த முடிவு 2014-ல் வெளிவந்தது.

மூன்று டிகிரிதானா என்று அலட்சியம் செய்யக்கூடாது. ஒன்றிரண்டு டிகிரி கூடினாலே மனிதனுக்கு அவஸ்தை தொடங்கிவிடுகிறது. இங்கே கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. "கொஞ்சம் உட்கார்ந்து போங்கள், சரியாகிவிடும்" என்று நாம் சொல்லும் உபசார வார்த்தை பலிக்காது. காலைக் கழற்றித் துடைத்தால்தான் பலிக்கும்.

வியர்வை செய்யும் வினை

சூடு வெறும் அசௌகரியத்தோடு நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். அது நிற்பதில்லை.

ஈரத்தில் நாள் முழுவதும் ஊறிய தோல், துணி துவைத்த விரல்போல் வெளுத்துச் சுருங்கி மெதுவாகிவிடுகிறது. மெதுவான தோலில் உராய்வு அதிகம். மயிர்க்கால்களில் கொப்புளம் எழுகிறது. படர்தாமரை போன்ற பூஞ்சை பற்றுகிறது. கொப்புளம் உடைந்தால் புண். புண் ஆறும் வரை காலை மாட்டக்கூடாது. அதுவரை வீட்டில் உட்கார வேண்டும், அல்லது ஊன்றுகோலைத் தேட வேண்டும். நிறைய வியர்த்தால் கூடே வழுக்கி, நடுத்தெருவில் விழுவதும் உண்டு.

சர்க்கரை வியாதியால் கால் இழந்தவர்களுடைய நிலைமை இன்னும் மோசம். அவர்களில் பலருக்குத் தோலில் உணர்ச்சி குறைந்திருக்கும். புண் வந்தது தெரியாது. தெரியும்போது சீழ் வைத்திருக்கும். இரத்த ஓட்டமும் குறைவாக இருந்தால் புண் ஆறாது. முழங்காலுக்குக் கீழே வெட்டிய காலை முழங்காலுக்கு மேலே வெட்ட வேண்டிய நிலைகூட வரலாம். ஒரு வியர்வைத் துளி செய்யும் வினை இது!

ஜெய்ப்பூர் கண்ட வெற்றி

இந்தத் தேசத்து மண்ணுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ற காலை நாமே செய்துகொள்ள முடியும் என்று உலகுக்குக் காட்டிய ஊர் ஜெய்ப்பூர். டாக்டர் பி. கே. சேத்தி என்ற எலும்பு வைத்திய நிபுணரும், ராம் சந்தர் சர்மா என்ற கைவினைக் கலைஞரும் சேர்ந்து 1968-ம் ஆண்டு வாக்கில் ஜெய்ப்பூர் பாதத்தை உருவாக்கினார்கள். சர்மா பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். ஆனால் இந்தியர்கள் எப்படி உட்காருகிறார்கள், எப்படி நடக்கிறார்கள் என்பதைக் கண்ணால் படித்தவர்.

மேல்நாட்டுப் பொய்க்கால் நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸ் போடுகிறவனுக்கு ஏற்றது. ஜெய்ப்பூர் பாதம் சம்மணம் போட்டு உட்காருகிறவனுக்கு ஏற்றது. வெறுங்காலோடு வயல் சேற்றில் இறங்கலாம். மேடு பள்ளத்தில் வளைந்து கொடுக்கும். தண்ணீர் பட்டால் கெடாது. 1981-ல் டாக்டர் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது. 1975-ல் ஜெய்ப்பூரில் தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி லட்சக்கணக்கானவர்களுக்கு இலவசமாக உதவியிருக்கிறது. காலையில் போனவர் மாலையில் நடந்து திரும்பலாம் என்ற நிலையை அது உண்டாக்கியது. தமிழ்நாட்டில் நடந்த பஸ் விபத்தில் காயமடைந்து கால் இழந்த சுதா சந்திரன், ஜெய்ப்பூர் காலோடு மறுபடி மேடையேறி ஆடியதை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பாதத்துக்கு இவ்வளவு யோசித்தாயிற்று. கூட்டுக்கு? முன்னாளில் அலுமினியத் தகட்டை அடித்து வளைத்துக் கூடு செய்தார்கள். பிறகு தண்ணீர்க் குழாய் செய்யும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். குழாயை அடுப்பில் இளக்கி, பிளாஸ்டர் அச்சின்மேல் இழுத்தால் கூடு தயார். விலை குறைவு, வேலை சுருக்கு, எடையும் கனமில்லை. ஆனால் தண்ணீரை உள்ளே விடாத அந்தக் குழாய், வியர்வையை வெளியே விடுமா?

பாதத்தை நம் மண்ணுக்கு ஏற்றபடி செய்தோம். கூட்டை நம் வெயிலுக்கு ஏற்றபடி இன்னும் செய்யவில்லை. பாக்கி நிற்கும் வேலை அதுதான்.

வெளிநாட்டு மருந்து நமக்கு ஆகுமா?

மேல்நாட்டார் சும்மா இருக்கவில்லை. கூட்டுக்கும் தோலுக்கும் நடுவே மெத்தை போல் மாட்டும் சிலிக்கோன் உறையை 'லைனர்' என்பார்கள். அதைப் பிரபலமாக்கியவர் ஐஸ்லாந்து தேசத்தைச் சேர்ந்த ஒஸ்ஸுர் கிறிஸ்டின்சன். 1986-ல் அது சந்தைக்கு வந்தது. தோல் உராய்வதைத் தடுக்கும் அருமையான சாதனம் அது. ஆனால் பிறந்த ஊரைக் கவனியுங்கள். பனிக்கட்டியின் பெயரையே தன் பெயராகக் கொண்ட நாடு! சிலிக்கோன் சூட்டை எளிதில் கடத்தாது. அங்கே அது கம்பளி; இங்கேயும் அது கம்பளிதான்.

சூட்டை உறிஞ்சிக்கொள்ளும் மெழுகு போன்ற பொருளைச் சேர்த்த உறைகளும் வந்திருக்கின்றன. மெழுகு உருகும்போது சூட்டை வாங்கிக்கொள்ளும். நல்ல யோசனை. ஆனால் உருகியது மறுபடி உறைந்தால்தான் மறுபடி வேலை செய்யும். வீட்டுக்குள்ளேயே 38 டிகிரி அடிக்கும் ஊரில் அது எப்போது உறைவது? வியர்வை வெளியேறத் துளைகள் இட்ட உறைகள் உண்டு. அவை நம் பருவத்துக்குக் கொஞ்சம் பொருத்தம். விலைதான் ஏழைக்கு எட்டாதது.

கூடே வேண்டாம் என்று எலும்புக்குள் டைட்டானியம் ஆணியைப் பதித்து, அதில் நேரே காலை மாட்டும் முறையை 1990-ல் ஸ்வீடனில் தொடங்கினார்கள். கூடு இல்லையென்றால் புழுக்கமும் இல்லை. ஆனால் அறுவைச் சிகிச்சை வேண்டும். தோலைத் துளைத்து வரும் இடத்தில் கிருமி அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளரிப்பிஞ்சு வியாபாரிக்கு அது தூரத்துப் பச்சை.

ஆகவே, வெளிநாட்டிலிருந்து வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. ஜெய்ப்பூர் பாதம் காத்திருந்தா வந்தது?

செலவு குறைந்த வைத்தியம்

பெரிய கண்டுபிடிப்பு வரும் வரை செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அவை எல்லாம் சின்ன விஷயங்கள். சின்னதாக இருப்பதால்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

முதலாவது, பருத்திக் காலுறை. ஒன்று போதாது. வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு மாற்ற வேண்டும். பருத்தி வியர்வையைக் குடிக்கும். குடித்து நிறைந்தபின் அதுவே ஈரத்துணி. ஆகவே மாற்று உறை பையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஓய்வு. நண்பகலில் நிழலில் உட்கார்ந்து காலைக் கழற்றி, தோலையும் கூட்டின் உட்புறத்தையும் துடைத்து, காற்றாட விட வேண்டும். கழற்றிய காலை வெயிலில் வைக்கக்கூடாது.

மூன்றாவது, கழுவும் வேளை. எஞ்சிய காலை இரவில் சோப்புப் போட்டுக் கழுவி, சோப்பு சிறிதும் தங்காமல் அலசி, நன்றாக உலர்த்த வேண்டும். காலையில் கழுவி ஈரத்தோடு மாட்டினால் தோல் கூட்டோடு ஒட்டி உராயும். கூட்டையும் உறையையும் தினம் துடைக்க வேண்டும்.

நான்காவது, கண்ணாடி. ஒரு சிறு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துக்கொண்டு, தினமும் இரவில் காலின் பின்புறத்தையும் நுனியையும் பார்க்க வேண்டும். சிவந்த இடம் மறையாவிட்டால் மறுநாள் காலை மாட்டாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இது விரதம் போல் தவறக்கூடாதது.

வியர்வை மிக அதிகமானால், இரவில் பூசும் அலுமினியம் குளோரைடு மருந்தை டாக்டர் கொடுப்பார். புண் உள்ள இடத்தில் அதைத் தொடக்கூடாது. பவுடரை அள்ளிக் கொட்டுவது வைத்தியம் அன்று; அது ஈரத்தில் கட்டியாகித் தோலை அறுக்கும்.

"முதலில் கால், பிறகு சுகம்!"

"காலே இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். முதலில் அவர்களுக்குக் கால் கிடைக்கட்டும். சூடு, வியர்வை என்ற சுகமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சிலர் சொல்லலாம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பரண்மேல் கிடக்கும் கால், கால் ஆகுமா? பங்குனியில் வாங்கிய காலைச் சித்திரையில் கழற்றி மூலையில் சாத்தினால், கொடுத்தவர் செலவும் வீண். வாங்கியவர் நம்பிக்கையும் வீண். காலுறைக்கு யோசித்துக் காலையே வீணாக்குவது, எருமை வாங்கிக் கயிற்றுக்கு யோசித்த கதைதான்.

"பழகிவிடும்" என்பார்கள் வேறு சிலர். மனம் பழகும், தோல் ஓரளவுக்குத்தான் பழகும். இன்று பழகியதுபோல் தெரிந்த தோல் நாளைக்குப் புண்ணாகலாம்.

மே மாதத்தில் எண்ணுங்கள்!

பொய்க்கால் முகாம் நடக்கும் நாளில் பந்தல் போடுகிறார்கள். மாலை விழுகிறது. புகைப்படம் எடுக்கிறார்கள். இத்தனை கால்கள் வழங்கப்பட்டன என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கு பாதிக் கணக்குதான். அடுத்த மே மாதத்தில் அவற்றில் எத்தனை கால்கள் தெருவில் நடக்கின்றன என்று எண்ணிச் சொன்னால் அது முழுக் கணக்கு.

கால் கொடுக்கும் தர்ம ஸ்தாபனங்கள் ஒவ்வொரு காலோடும் ஆறு பருத்தி உறைகளைச் சேர்த்துக் கொடுக்கட்டும். கழுவும் முறையையும் பார்க்கும் முறையையும் படம் போட்டுத் தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுக்கட்டும். முதல் கோடையில் ஒருமுறை அழைத்துத் தோலைப் பார்க்கட்டும். உதவிச் சாதனங்களுக்குப் பணம் கொடுக்கும் திட்டத்தை மத்திய சர்க்கார் 1981-லிருந்தே நடத்தி வருகிறது. சாதனத்துக்குக் கொடுப்பதோடு, மாற்று உறைக்கும் மறுபரிசோதனைக்கும் அதில் இடம் வேண்டும்.

என்ஜினீயரிங் கல்லூரி மாணவர்களுக்கும் இதில் ஒரு சவால் இருக்கிறது. 40 டிகிரி வெயிலில், மின்சாரம் இல்லாமல், ஏழை வாங்கும் விலையில், வியர்வையை வெளியே விடும் ஒரு கூடு வேண்டும். வலுவும் குறையக்கூடாது, இறுக்கமும் தளரக்கூடாது. மண்பானை செய்து தண்ணீரைக் குளிர வைத்த நாட்டுக்கு இந்த வித்தை வராமலா போய்விடும்?

வேலை கொடுக்கும் முதலாளிகளும் கொஞ்சம் செய்யலாம். பொய்க்கால் அணிந்த தொழிலாளிக்கு நண்பகலில் பத்து நிமிஷமும், மறைவாக உட்காரும் ஓர் இடமும் கொடுத்தால் போதும். இதற்குப் பணம் வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

பஸ் நிலையத்து வியாபாரி மாலையில் கூடையைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறார். காலைக் கழற்றிச் சுவரில் சாத்துகிறார். மறுநாள் காலை அதை எடுத்து மாட்டுவாரா, வேண்டாமென்று அப்படியே விட்டுவிடுவாரா? அவருடைய பிழைப்பு அந்த ஒரு கேள்வியில் தொங்குகிறது.

கால் கொடுத்த கைகள், அந்தக் காலுக்குக் கொஞ்சம் காற்றும் கொடுக்கட்டும்!